கேடயமும் குலப்பெருமையும்

இங்கிலாந்தில் குடும்பச் சின்னம் என்பதாக ஒன்று உண்டு. கேடயம் ஒன்றை வரைந்து, அதில் சிங்கமோ கழுகோ தீட்டி, அதைக் குலப்பெருமைக்கு அத்தாட்சியாகக் காட்டுவார்கள். அச்சின்னம் இன்னவாறு இருக்க வேண்டுமென்று எழுதிவைக்கும் வாசகத்திற்கு பிளேஸன் என்று பெயர். அதைப் படித்தால் சாதாரண இங்கிலீஷ்காரனுக்கே ஒன்றும் விளங்காது. ஏனெனில் அதிலுள்ள வார்த்தைகளில் பல பழைய பிரஞ்சு. 1066-ல் நார்மன்கள் அந்நாட்டை ஜெயித்த பிறகு பிரபுக்களின் பாஷை பிரஞ்சாயிற்று. புரியாத பாஷையில் இருப்பதாலேயே அதற்கு ஒரு மகத்துவமும் ஏற்பட்டுவிட்டது.

அந்த மகத்துவத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். "கியூல்ஸ்" என்றால் சிவப்பு. "அஷூர்" நீலம். "ஸேபிள்" கறுப்பு. "ஆர்" என்றால் பொன். மஞ்சள் சாயம் பூசினாலும் போதும். "ஆர்ஜென்ட்" வெள்ளி, வெறும் வெள்ளையே போதும். "பெண்ட்" என்பது குறுக்கே சரிந்து செல்லும் பட்டை. "டெக்ஸ்டர்" என்றால் வலப்பக்கம். யாருக்கு வலம்? கேடயத்தைப் பிடித்து நிற்பவனுக்கு. பார்க்கிறவனுக்கு அது இடப்பக்கம். இதை அறியாமல் வரைகிறவன் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுவான். சிங்கம் "ஆர்ம்டு" என்றிருந்தால் அதன் கையில் கத்தி கொடுத்துவிடக்கூடாது. அதன் நகமும் பல்லும் இன்ன நிறம் என்பதே பொருள். பொன்மேல் வெள்ளியும், ஒரு சாயத்தின்மேல் மற்றொரு சாயமும் வைக்கலாகாது என்ற விதியும் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிவதற்கேயாகும். இவ்வளவுதான் ரகசியம்! சாயக்காரனுக்கு எழுதிக்கொடுத்த குறிப்பேயன்றி வேறென்ன? சிவப்பு வீரம், நீலம் விசுவாசம் என்பதெல்லாம் பிற்காலத்தார் ஒட்டவைத்த கதை.

நிற்க, ஒரு உதாரணம் பாருங்கள். 1596-ல் ஷேக்ஸ்பியர் கவியின் தகப்பனாருக்கு ஒரு சின்னம் வழங்கப்பட்டது. அவர் கையுறை செய்து விற்றவர். பொன்னிறக் கேடயம், அதில் கறுப்புப் பெண்ட், அதன்மேல் "முதலாவதின்" ஈட்டி, அதன் முனை வெள்ளி. "முதலாவதின்" என்றால் முதலில் சொன்ன நிறம், அதாவது பொன். ஈட்டி ஏன்? அவர் பெயரில் "ஸ்பியர்" என்று ஈட்டி இருக்கிறது. அவ்வளவே! முன்னோர் ஏழாம் ஹென்றி அரசனுக்கு ஊழியம் செய்ததாகவும் அதன் நகலில் எழுதியிருக்கின்றது. அதற்கு ஆதாரம் அகப்படவில்லை. 1602-ல் சின்ன இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர், கூத்தாடிக்கெல்லாம் சின்னமா என்று ஆட்சேபித்தார். அன்று யோக்கியதை இல்லையென்று தள்ளப் பார்த்த அந்தக் கூத்தாடியின் பெயரை இன்று உலகம் அறியும். ஆட்சேபித்தவர் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

இன்றும் "உங்கள் குடும்பப் பெயருக்குரிய சின்னம்" என்று படம் விற்கும் வியாபாரம் நடக்கின்றது. 1484-ல் ஏற்பட்ட லண்டன் சின்னக் கல்லூரியே, பெயருக்கென்று சின்னம் கிடையாது, ஒரு ஆளுக்கும் அவன் ஆண்வழிச் சந்ததிக்குமே உண்டு என்கிறது. பெயர் ஒன்றாயிருப்பதால் பாத்தியதை வந்துவிடாது.

முகத்தை இரும்பு மூடியிருக்கையில் ஆளை அடையாளம் காண உதவிய குறி அது. சலவைக்குறி துணி யாருடையது என்று சொல்லும். துணி உயர்ந்தது என்று சொல்லுமா? ஆகவே, வரைய விரும்புவோர் தாராளமாக வரையட்டும். வார்த்தையின் பொருளறிந்து சாயம் பூசட்டும். ஆனால் அந்தச் சாயத்தை இரத்தத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாமென்றே சொல்லுகின்றோம்.