40 இடத்தில் 'கைவரிசை' காட்டிய பஞ்சுக் குச்சி!

கொலை நடந்த இடத்தில் ஒரு முடி கிடைக்கிறது. அல்லது ஒரு சொட்டு எச்சில். பரிசோதனைக்குப் போகிறது. 'இன்னாருடையதுதான்' என்று ரிப்போர்ட்டு வருகிறது. அத்தோடு ஆசாமி கதை முடிந்தது! டி.என்.ஏ. என்று சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

ஜெர்மனி போலீசாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மாயப் பெண்

2007 ஏப்ரல் 25-ந் தேதி, ஹெய்ல்பிரான் நகரில் ஒரு பெண் போலீஸ் காரில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 22. கூட இருந்த போலீஸ்காரர் படுகாயத்துடன் பிழைத்தார்.

காரில் ஒரு பெண்ணின் டி.என்.ஏ. சிக்கியது. ரிக்கார்டைப் புரட்டினால் திகைப்பு! 1993-ல் நடந்த ஒரு மூதாட்டி கொலையிலும் அதே பெண். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு என்று 3 நாடுகளில் சுமார் 40 இடங்களில் அதே பெண். கொலை, கொள்ளை, கார் திருட்டு எதையும் விடவில்லை. துப்பு கொடுத்தால் 3 லட்சம் யூரோ பரிசு என்று அறிவித்தார்கள்.

2009-ல் குட்டு உடைந்தது. கருகிக் கிடந்த ஒரு ஆண் பிணம் யாருடையது என்று கண்டுபிடிக்க, பழைய கைரேகைத் தாளில் மாதிரி எடுத்தார்கள். வந்தது மாயப் பெண்ணின் டி.என்.ஏ.! ஆண் எப்படிப் பெண் ஆவான்? வேறு குச்சியால் எடுத்துப் பார்த்தார்கள். பெண்ணைக் காணோம்.

விஷயம் இதுதான். மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியைக் கம்பெனியில் கையாண்ட பெண் தொழிலாளியின் டி.என்.ஏ. அது! கிருமி நீக்கிய குச்சிதான். ஆனால் கிருமி செத்தாலும் டி.என்.ஏ. அழியாது. பாவம், அந்த அம்மாள் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

2011 நவம்பரில், ஐசெனாக் நகரில் 2 ஆண்கள் ஒரு வேனில் செத்துக் கிடந்தார்கள். நாஜிக் கொள்கை வெறியர்கள். அந்தப் போலீசாரிடம் பறித்த துப்பாக்கிகள் அதே வேனில் சிக்கின. கொலையாளிகள் வெளியே திரிய, போலீஸ் 2 வருஷம் பஞ்சைத் துரத்தி இருக்கிறது!

குடிகாரர் பட்ட பாடு

அமெரிக்காவில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2012 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒரு பணக்காரர் வீடு புகுந்து கொல்லப்பட்டார். அவருடைய நகத்தில் ஒரு வாலிபரின் டி.என்.ஏ. இருந்தது. வீடு வாசல் இல்லாத குடிகாரர். கைது செய்து கொலை வழக்குப் போட்டார்கள். மரண தண்டனைகூட கிடைத்திருக்கும். போதையில் நாமே செய்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்!

ஆனால் அன்று இரவு அவர் குடிபோதையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ரிக்கார்டு இருக்கிறது. அவரை அள்ளிக்கொண்டு போன அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான், சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போனார்கள். இவர் உடம்பில் இருந்தது அவர் விரலுக்குப் போய்விட்டது. இதைக் கண்டுபிடித்து வெளியே விடுவதற்குள் 5 மாதம் ஜெயில்.

இன்றைய கருவிகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத சில செல்களே போதும். பஸ் கம்பியைப் பிடித்தாலே ஒட்டும். அடுத்துப் பிடிப்பவர் கையோடும் போகும். டி.என்.ஏ. 'யாருடையது' என்று சொல்லும். எப்படி வந்தது, எப்போது வந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அப்பாவிகள் பலரை ஜெயிலில் இருந்து மீட்டதும் இதே டி.என்.ஏ.தான். அதையும் மறுக்க முடியாது.

நம்ம ஊரில்?

இங்கே வேறு கோளாறு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் இரட்டைக் கொலை. கீழ்க்கோர்ட்டு தூக்குத் தண்டனை கொடுத்தது. ஐகோர்ட்டும் உறுதி செய்தது. 2025 ஜூலை 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த மனிதரை விடுதலை செய்துவிட்டது. டி.என்.ஏ. மாதிரி பரிசோதனைக்குப் போனதில் தாமதம், இடையில் அது யார் யார் கையில் இருந்தது என்பதற்குச் சரியான கணக்கு இல்லை என்பதும் ஒரு காரணம்.

எடுத்த மாதிரி 48 மணி நேரத்தில் ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு இடத்தையும் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அப்போது உத்தரவு போட்டார்கள். நல்ல உத்தரவு. அந்த ரிஜிஸ்தரை ஸ்டேஷனில் அன்றன்றைக்கு எழுதுகிறார்களா, கேசு கோர்ட்டுக்கு வரும்போது மொத்தமாக உட்கார்ந்து எழுதுகிறார்களா? மேலதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பிரித்துப் பார்க்கட்டும்.