வாசிக்கத் தெரிந்தால் போதுமா?

நமது பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்து, சொல்லுக்குப் பொருள் சொல்லி, பாடத்தின் கேள்விக்கு விடையையும் தாங்களே எழுதிப்போட்டு நெட்டுருப்போடச் சொல்லுகிறார்கள். ஆனால் கதையல்லாத ஒரு வியாசம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எழுதினவர் நடந்ததை வரிசையாய்ச் சொல்லுகிறாரா, காரணங் காட்டுகிறாரா, இரண்டை ஒப்பிட்டு வித்தியாசம் காட்டுகிறாரா, ஒரு சங்கடத்தைச் சொல்லி அதற்குப் பரிகாரம் சொல்லுகிறாரா என்பதைப் பிள்ளைகளிடம் எத்தனை உபாத்தியாயர்கள் விசாரிக்கிறார்கள் என்று கேட்கின்றோம்.

இது சீமையிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டியதில்லை. நூல் செய்வதற்கு 32 உத்திகள் என்று தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் கணக்குச் சொல்லியிருக்கிறது. பண்டிதர்கள் அந்த 32-ஐயும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். ஒரு பத்திரிகைத் துண்டைக் கையில் கொடுத்து, இதில் இருக்கும் உத்தி எது என்று கேட்டால்தான் விழிப்பார்கள்!

இதனால் என்ன நஷ்டமென்றால், "பிறகு" என்பதற்கும் "ஆகையால்" என்பதற்கும் உள்ள பேதமே தெரியாமற் போய்விடுகிறது. ஊரில் வாந்திபேதி கண்டது. அம்மனுக்குக் கடா வெட்டினார்கள். பிறகு நோய் நின்றது. இது வெறும் வரிசை. ஆகையால் கடாதான் நோயை நிறுத்திற்று என்று ஒருவர் எழுதிவிட்டால், எம்.ஏ. படித்தவரும் தலையாட்டுகிறார்.

விஞ்ஞானம் பேசுகிறவர்களும் இதற்கு விலக்கல்ல. 1854-ல் லண்டனில் பிராட் தெருப் பக்கம் வாந்திபேதி கண்டபோது, ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் அத்தெருப் பம்புத் தண்ணீரே காரணம் என்றார். செப்டம்பர் 8-ந்தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு நோய் ஓய்ந்தது. கழற்றியதால்தான் ஓய்ந்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். ஸ்நோவோ, ஜனங்கள் பயந்து ஓடிப்போனதாலும் மற்றபடியும் நோய் முன்னமே குறைந்துவிட்டது என்று தாமே எழுதிவைத்தார். பின் எதைக்கொண்டு ருசுப்படுத்தினார்? ஒப்பிட்டுக் காட்டித்தான். சுற்றிலும் சாவு விழுந்துகொண்டிருக்க, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேரே இறந்தார்கள். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பீர் காய்ச்சும் சாலையில் 70 பேருக்குமேல் வேலைசெய்தும் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்பை நாடவில்லை, பீரையே குடித்தார்கள். (குடிக்கு இதை யாரும் சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஆகவே உபாத்தியாயத் தோழர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்தக் கடா வெட்டின மூன்று வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதி, "பிறகு" வரும் இடத்தில் "ஆகையால்" போடலாமா, போடுவதானால் இன்னும் என்ன தெரியவேண்டும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அவர்கள் நமது தலையங்கத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு அப்படியே கேட்பார்கள். கேட்கட்டும்.