மூன்றாவது அரிச்சுவடி வேண்டாம்

என் பழைய மாணவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

மேல்நிலை வகுப்புகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வாரம் ஒரு பிள்ளையாவது போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறது. "சார், ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் பிராக்டிஷனர் பாஸ். மைக்ரோசாஃப்ட் ஏ.இசட்.-900 பாஸ். அடுத்து எதை எழுதட்டும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன வேலைக்குப் போகப் போகிறாய்?" முக்கால்வாசிப் பேரிடம் பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாத இடத்தில்தான் கோச்சிங் சென்டர்கள் கடை விரிக்கின்றன.

போன மாதம் ஒரு மாணவியின் அப்பா ஒரு சென்டரின் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஐந்து சர்டிபிகேட், ஒரே பேக்கேஜ், தவணை வசதி உண்டு. ஐந்தில் மூன்று அடிப்படைத் தேர்வுகள். கடைசியில் சி.ஐ.எஸ்.எஸ்.பி.! அந்தப் பெண் இன்னும் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. சி.ஐ.எஸ்.எஸ்.பி. முழுதாகக் கிடைக்கத் தகவல் பாதுகாப்புத் துறையில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். பட்டப்படிப்பு இருந்தால் அதில் 1 ஆண்டு கழியும், அவ்வளவே. தேர்வில் தேறினாலும் அனுபவம் சேரும்வரை 'அசோசியேட்' என்றுதான் போட்டுக்கொள்ள முடியும். நோட்டீஸில் இது பற்றி ஒரு வரி இல்லை. அந்த அப்பா நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார். இதற்கு வியாபாரம் என்று பெயரா?

அடிப்படைத் தேர்வை நான் குறை சொல்லவில்லை. பயம் தெளிய ஒன்று போதும் என்கிறேன். கிளவுட் என்றால் என்ன, பில் எப்படி வருகிறது, பாதுகாப்பில் யார் பொறுப்பு எதுவரை: கிளவுட் பிராக்டிஷனரும் ஏ.இசட்.-900-ம் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்கின்றன. கம்பெனி பெயர் மாறுகிறது, பாடம் மாறவில்லை. ஒன்றாம் வகுப்பை இரண்டு பள்ளிக்கூடத்தில் படித்தால் இரண்டாம் வகுப்பு ஆகிவிடுமா?

"நாலு சர்டிபிகேட் இருந்தால்தான் ரெஸ்யூமே எடுபடும் சார்" என்பார்கள். ரெஸ்யூமே வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே போனால், "இந்த சர்வருக்கு நெட்வொர்க் கிடைக்கவில்லை, எங்கிருந்து பார்ப்பாய்?" என்று கேட்பார்கள். அதற்கு பேட்ஜ் பதில் சொல்லாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏ.டபிள்யூ.எஸ்., சிஸ்கோ சர்டிபிகேட்டுகளுக்கு ஆயுள் 3 ஆண்டு. மைக்ரோசாஃப்டின் அசோசியேட் நிலைக்கு 1 ஆண்டுதான். இலவசமாகப் புதுப்பிக்கலாம், ஆனால் மறந்தால் போயிற்று. வேலை கிடைக்கும் முன்பே சேர்த்து வைத்தால் வீட்டிலேயே காலாவதி ஆகும்.

அப்படியானால் என்ன செய்வது? நீங்கள் போக நினைக்கும் வேலைக்கு வந்திருக்கும் 20 விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை நோட்டில் எழுதுங்கள். பாதை தானாகத் தெரியும். நெட்வொர்க் என்றால் சி.சி.என்.ஏ. 200-301. சர்வர், லினக்ஸ் என்றால் ரெட் ஹாட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ.; அதில் நான்கில் ஒன்றை டிக் அடிக்கும் வேலையே இல்லை, மெஷினில் செய்து காட்ட வேண்டும். கிளவுட் என்றால் ஏ.டபிள்யூ.எஸ். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட், அல்லது அசூரில் ஏ.இசட்.-104. இவற்றில் ஏதாவது ஒன்று. ஒன்றே ஒன்று. ஏ.டபிள்யூ.எஸ். தேர்வு ஒன்றில் தேறியவருக்கு அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணச் சலுகை அவர் கணக்கிலேயே கிடக்கும். எந்த சென்டரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பழகுவதற்குக் காசு வேண்டாம். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். லினக்ஸ் இலவசம். மூன்று மாதம் நீங்களே கட்டி, நீங்களே கெடுத்து, நீங்களே சரிசெய்யுங்கள். பிறகு தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். டம்ப்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து எழுதுகிறவர்களுக்கு ஒன்று: பிடிபட்டால் சர்டிபிகேட்டை ரத்து செய்வார்கள். பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் பிடிபடுவீர்கள்.

பெற்றோர்களே, தவணைக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் சென்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் என் பிள்ளை எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம்? அந்த விளம்பரத்தைக் காட்டுங்கள்." காட்டவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேவைப்படும் வீடுகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.