சாம்பார் ஆறிப்போன கதையா இது?

ஓட்டலைப் பற்றிக் குறை சொல்வது இப்போது ஒரு பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. தோசை வர அரை மணி நேரம், சப்ளையர் முகம் கொடுத்துப் பேசவில்லை, ரூமில் வெந்நீர் வரவில்லை, மெத்தை விரிப்பில் கறை, கல்லாவில் இருந்தவன் 'சார்' போடவில்லை. பெங்களூர் ரோட்டில் கிருஷ்ணகிரியிலிருந்து ஜூஜூவாடி வரைக்கும் லாட்ஜும் ஓட்டலும் பெருகப் பெருக இந்தப் புலம்பலும் பெருகுகிறது. புலம்பட்டும். காசு கொடுத்தவன் கேட்பான், தப்பில்லை. என் சண்டை 'சர்வீஸ் சரியில்லை' என்கிற அந்தச் சொல்லோடுதான். ஆறிப்போன சாம்பாரையும் தீண்டாமையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே குறைப்புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகச் சொல்கிற சொல் அது.

எனக்கு இது எப்படி உறைத்தது என்று சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன். பேர் வேண்டாம். அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸில் நுழைந்தோம். நான் பேண்ட் சட்டை, இன் பண்ணி, பாக்கெட்டில் ரெண்டு பேனா. என்னை அங்கே யாருக்கும் தெரியாது. அப்பாவைக் கல்லாவில் இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், யார் வீட்டில் பண்ணை வேலை பார்த்தவர், எல்லாம். சப்ளையருக்குக் கண்ணாலேயே ஒரு சாடை. முன்வரிசை மேசைகள் காலியாகக் கிடக்க, கை கழுவுகிற இடத்துக்கு ஒட்டின மேசையில் எங்களுக்கு இலை. மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், எங்களுக்குப் பேப்பர் கப். சோறு சூடாகத்தான் இருந்தது. சாம்பாரில் ஆவி பறந்தது. மோர் கூட ரெண்டாவது தடவை கேட்காமலே ஊற்றினான். சர்வீஸில் ஒரு குறையும் கிடையாது! அப்பா ஒண்ணும் பேசல. தலையைக் குனிஞ்சு சாப்பிட்டாரு. எழுந்திரிக்கும்போது, பழைய பழக்கத்துல, இலையை அவரே எடுக்கப் போனாரு. நான் கையைப் பிடிச்சேன்.

மறுநாள் பேங்கில் சக ஊழியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். நல்ல மனுசன், சங்கத்தில் கொடி பிடிக்கிறவர். "அங்க சர்வீஸ் எப்பவுமே அப்படித்தான் சார், நான் போனப்பகூட சாம்பார் ஆறிப்போயிருந்துச்சு" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆறிப்போன சாம்பார்தான் அவருக்கு வந்திருக்கும். ஆனால் இன்னொரு நாள் போனால் அவருக்குச் சூடான சாம்பார் கிடைக்கும். அப்பா எத்தனை நாள் போனாலும் பேப்பர் கப்தான். அவருக்கு நேர்ந்தது சப்ளையர் வேலையை ஒழுங்காகச் செய்யாததால். அப்பாவுக்கு நேர்ந்தது அதே சப்ளையர் சொன்ன வேலையை மிக ஒழுங்காகச் செய்ததால். இந்த ரெண்டையும் ஒரே பேரில் அழைக்கிறவர்கள் யாருக்கு உதவி செய்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

அந்தப் பேப்பர் கப் லேசுப்பட்ட சரக்கில்லை. பெஞ்சுக்கடியில் தனி டம்ளர் வைத்தால் இரட்டைக் குவளை என்று வழக்கு வரும், ஆர்ப்பாட்டம் வரும், தாசில்தார் வருவார். பேப்பர் கப் வைத்தால்? சுகாதாரம்! கழுவ வேண்டியதில்லை, தொட வேண்டியதில்லை, சாட்சியும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒருத்தனுக்கு எவர்சில்வர், இன்னொருத்தனுக்குப் பேப்பர் என்றால் அது பழைய டம்ளரேதான். இந்த அளவு நாசூக்கு கூட வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் மொரப்பூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றினார்கள். இரண்டு பேர் கைதானார்கள். இது நடந்தது ஏதோ நூற்றாண்டுக்கு முன்னால் இல்லை. 2024 பிப்ரவரியில்.

"அது கிராமம் சார். ஓசூரெல்லாம் இண்டஸ்ட்ரியல் ஏரியா, இங்க யாரு யாரைக் கேக்கப்போறா?" இதுதான் படித்தவர்களின் அடுத்த வசனம். எழுபதுகளில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் வந்தன. 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம், 2019ல் ஓசூர் மாநகராட்சி. பிறகு போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா, கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது போதாதென்று இந்தியும் ஒடியாவும் வந்து சேர்ந்தாயிற்று. ஆனாலும் கேட்கிறார்கள் ஐயா. தமிழில் 'எந்த ஊரு', தெலுங்கில் 'ஏ ஊரு', கன்னடத்தில் 'யாவ ஊரு'. மூணு பாஷையிலயும் ஊரு மட்டும் மாறல. ஊரா சேரியா என்று போய் முடிகிற விசாரணையின் முதல் கேள்வி அது.

லாட்ஜில் வாயால் கேட்க வேண்டிய வேலையும் இல்லை. ஆதார் அட்டையை வாங்கிப் பார்க்கிறான். நம் சனங்களில் எத்தனை பேர் அட்டையில் முகவரியே 'ஆதி திராவிடர் காலனி' என்று அச்சாகியிருக்கிறது! 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் பாக்கெட்டில் இருக்கிற அட்டை சட்டமன்றத்து அறிவிப்பைக் கேட்டுத் தானாக அழியாது. அட்டையைப் பார்த்தபிறகு 'ரூம் ஃபுல்' என்று ஒரு பதில் வந்தால் அதை எந்தக் குறைப்புத்தகத்தில் எழுதுவது?

பதிவேட்டில் பேர் எழுதுகிற இந்த விவகாரத்தில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917ல் பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போய் இறங்கினார் அம்பேத்கர். இந்து ஓட்டல் எதிலும் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்து பார்சிச் சத்திரத்துக்குப் போனார். அங்கே பார்சிகளுக்கு மட்டும்தான் இடம். சத்திரத்துக் காவலாளுக்கு வருமானமும் வேண்டும், பதிவேடும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆக ஒரு பார்சிப் பேரை எழுதி, நாள் வாடகை ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். மாடியில் உடைந்த நாற்காலியும் பலகையும் அடைந்து கிடந்த ஒரு பெரிய கூடம். விளக்கு கிடையாது. காவலாள் கொண்டுவந்து வைக்கும் அரிக்கேன் வெளிச்சம் சில அங்குலத்துக்கு மேல் போகாது. 'சர்வீஸ் சரியில்லை' என்று எழுதுவதற்கு இதைவிட நல்ல சத்திரம் கிடைக்குமா? இருட்டையும் குப்பையையும் அவர் சகித்துக்கொண்டார், ஒரு கூரை கிடைத்ததே என்று. பதினோராம் நாள் காலையில் ஒரு டசன் பார்சிகள் கைத்தடியோடு மாடியேறி வந்து, சத்திரத்தைத் தீட்டாக்கிவிட்டாய், சாயங்காலத்துக்குள் காலி செய் என்றார்கள். ஒரு இந்து நண்பரிடம் போனார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறிஸ்துவ நண்பர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பொதுப் பூங்காவில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு ரயிலேறினார். அரிக்கேன் விளக்கும் அதே சத்திரம்தான், கைத்தடியும் அதே சத்திரம்தான். ரெண்டும் ஒண்ணா? அவருக்காவது பொய்ப்பேர் எழுதப் பதினோரு நாள் இடமிருந்தது. ஆதார் நமக்கு அதையும் விட்டுவைக்கவில்லை.

உள்ளே போய் உட்காருவதற்கு முன்னாலேயே சர்வீஸ் தொடங்கிவிடுகிறது, வாசலில் தொங்கும் போர்டில். 1957ல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை எடுக்க நூற்றுக்கணக்கான தொண்டர்கள் கைதாக வேண்டியிருந்தது. இங்கே போர்டு இறங்கிற்று. அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் போனால் 1965ல் தொடங்கிய 'பிராமின்ஸ் காபி பார்' வாசலில் இன்றைக்கும் கூட்டம் நின்று இட்லி தின்கிறது. ஐயங்கார் பேக்கரி இல்லாத தெரு அந்த ஊரில் அபூர்வம், நம் ஓசூருக்கும் வந்தாயிற்று. கவுண்டர் மெஸ், நாயுடு மெஸ், ரெட்டி மெஸ் என்று பிராமணரல்லாதாரும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். சாதிப் பேர் என்பது அங்கே ருசிக்கும் சுத்தத்துக்கும் உத்தரவாதம். சரி, ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் நம் ஆள் ஒருத்தர் 'பறையர் மெஸ்' என்று போர்டு மாட்டட்டும். 'அருந்ததியர் பிரியாணி' என்று மாட்டட்டும். என் சக ஊழியர் உள்ளே வருவாரா? வந்தால் சர்வீஸைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

சட்டத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1955ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறிய அந்தச் சட்டத்தின் 4வது பிரிவு ஓட்டலுக்குள் விட மறுப்பதையும், அங்கே எல்லாருக்கும் வைத்திருக்கும் பாத்திரத்தைத் தர மறுப்பதையும் குற்றம் என்கிறது. 6வது பிரிவு இன்னும் நுணுக்கம்: மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் சேவை செய்கிறாயோ அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் செய்ய மறுத்தால் குற்றம். கை கழுவுகிற இடத்து மேசையை அன்றைக்கே பார்த்துவிட்டு எழுதினமாதிரி இருக்கிறது. 8வது பிரிவின்படி, 6வது பிரிவில் தண்டனை பெற்றவன் லைசென்ஸையே நீதிமன்றம் ரத்து செய்யலாம். 12வது பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதிக்காரர் என்றால் அது தீண்டாமையினால் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது எதிராளியின் பாடு என்கிறது. தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, அபராதம் நூறு ரூபாயிலிருந்து ஐந்நூறு. இன்றைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு ரெண்டு பேர் நல்ல பிரியாணி சாப்பிட முடியுமா என்பது வேறு கேள்வி. 2016 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதைச் சேர்த்துக்கொண்டது. அதில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருசம்.

நுகர்வோரைக் காப்பாற்ற அரசு காட்டுகிற வேகத்தை இதோடு வைத்துப் பாருங்கள். பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று 2022 சூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஓட்டல் முதலாளிகள் தில்லி உயர்நீதிமன்றம் போனார்கள், 2025 மார்ச்சில் அவர்கள் தோற்றார்கள். பத்து சதவீதக் காசுக்காக இவ்வளவு. நல்லதுதான், அந்தக் காசில் என் காசும் உண்டு. நூறு சதவீதம் காசு வாங்கிக்கொண்டு பேப்பர் கப் நீட்டுகிறவனைத் தேடி எந்த ஆணையம் வருகிறது?

"வேற ஓட்டலுக்குப் போயிருக்கலாமே" என்றும் கேட்டார்கள். அமெரிக்காவில் விக்டர் கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் 1936ல் ஒரு புத்தகம் போட்டார். கறுப்பர்கள் பயணம் போகும்போது எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்ற பட்டியல். அந்தப் பச்சைப் புத்தகம் முப்பது வருசம் வந்தது. நம்மிடம் அச்சுப் புத்தகம் இல்லை, அவ்வளவுதான். தளி ரோட்டில் எந்த டீக்கடை, ராயக்கோட்டை போகும் வழியில் எந்த மெஸ் என்று அப்பாக்களின் தலைக்குள் இருக்கிறது. 'வேற ஓட்டல்' என்பதை நமக்குச் சொல்லித் தரவே வேண்டாம், மூணு தலைமுறையாக வேற ஓட்டலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

நம் இளைஞர்களிடமும் ஒன்று சொல்லணும். கோபம் வந்ததும் யார் சட்டையைப் பிடிக்கிறீர்கள்? மேசை துடைக்கிற பையனைத்தான். அவன் யார்? ஒன்று நம் சேரிப் பையன், இல்லை ஒடிசாவிலிருந்தோ சார்க்கண்டிலிருந்தோ வந்து சமையல்கட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்துப் படுக்கிறவன். எந்த ஓட்டலிலும் எச்சில் இலையிலிருந்து கல்லா வரைக்கும் ஒரு வர்ணாசிரமமே நிற்கிறது. கல்லாவில் முதலாளியின் சாதி, அடுப்பில் சரக்கு மாஸ்டர், பரிமாறச் சப்ளையர், இலை எடுக்க நம்ம ஆளு, கக்கூஸ் கழுவ நம்மிலும் கீழே தள்ளப்பட்ட ஆளு. சாடை கல்லாவிலிருந்து கிளம்புகிறது, அடி மட்டும் கிளீனர் முதுகில் விழுகிறது. காசு கொடுத்தவன் என்கிற திமிரை அவனிடம் காட்டுவது ஆதிக்க சாதிக்காரன் பழக்கம். அது நமக்கு வேண்டாம்.

கல்லாவுக்குப் போங்க. எல்லாருக்கும் வைக்கிற டம்ளரைக் கேளுங்க, முன்வரிசை மேசையைக் கேளுங்க. முடியாதுன்னா என்ன சொன்னான்கிறதை அங்கேயே எழுதிக்கோங்க. கூட இருக்கிறவங்க பேரையும் எழுதிக்கோங்க. பேங்கில் வேலை பார்க்கிறவன் சொல்றேன், வவுச்சர் இல்லாமல் எதுவும் நிற்காது. துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்டுக் கொடுத்தால் வாங்காதீங்க, ஓட்டல் பேரும் தேதியும் நேரமும் போட்ட பில் கேளுங்க. அதில் ஒரு நகல் எடுத்து, குறைப்புத்தகத்தைத் தொடாமல், ஸ்டேசனில் கொடுக்கிற மனுவில் 4வது பிரிவு, 6வது பிரிவு என்று நம்பரோடு எழுதி, மேலே குத்தி வையுங்க.