கிடைக்காத விளம்பரம் பொய் விளம்பரமா?

சின்ன வயதில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு விளம்பரத்தைப் பாதி நினைவோடு இணையத்தில் தேடுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். என்ன பொருளுக்கான விளம்பரம் என்பதே மறந்திருக்கும். ஒரு முகம், ஒரு மெட்டு, காரணம் சொல்லத் தெரியாத ஒரு பயம், இவ்வளவுதான் மிச்சம். அவர்களுக்குத் தவறாமல் வரும் பதில் இது: "ஜப்பான்காரர்கள் எதையும் பத்திரமாக வைப்பவர்கள். வீட்டுக்கு வீடு வி.சி.ஆர். வேறு இருந்தது. இத்தனை பேர் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அப்படி ஒரு விளம்பரமே கிடையாது. நீங்களாகக் கற்பனை செய்துகொண்டீர்கள்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒன்றும் நிற்காது.

ஒளிபரப்பான எதுவும் நிலையத்தில் இருக்கும் என்பது முதல் நம்பிக்கை. விளம்பரங்களே போடாத, மக்களிடம் கட்டணம் வாங்கி நடக்கும் என்.எச்.கே.யை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்க ஓடும் அதன் புகழ்பெற்ற சரித்திரத் தொடர் வரிசை 1963இல் 'ஹனா நோ ஷோகாய்' என்ற தொடரோடு தொடங்கியது. இன்று அதில் எஞ்சியிருப்பது முதல் பகுதி மட்டுமே. அந்தக் காலத்து இரண்டு அங்குல வீடியோ நாடா பெரும் விலை. ஒன்றை ஒளிபரப்பியதும் அழித்துவிட்டு, அதே நாடாவில் அடுத்ததைப் பதிவார்கள். தொலைந்த தன் நிகழ்ச்சிகளைக் கண்டெடுக்க, 'வீட்டில் பதிவுசெய்த நாடா இருந்தால் கொடுங்கள்' என்று அந்த நிறுவனமே இன்றும் பார்வையாளர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. சரித்திரத் தொடருக்கே இந்தக் கதி என்றால், சில வாரம் ஓடிவிட்டுப் போகும் 15 விநாடி சோப்பு விளம்பரத்தை யார் பூட்டி வைத்திருப்பார்கள்?

அதோடு விளம்பரம் நிலையத்தின் சொத்தும் அல்ல. பணம் கொடுப்பவர் ஒருவர், திட்டம் போடும் ஏஜென்சி இன்னொன்று, படம் எடுக்கும் நிறுவனம் வேறொன்று. நிலையத்துக்கு வருவது ஒரு பிரதி. ஒப்பந்தக் காலம் முடிந்தால் அதற்கு வேலையில்லை. யோகோஹாமாவில் ஒளிபரப்பு நூலகம் இருக்கிறதே, தோக்கியோவின் ஷியோதோமேயில் விளம்பர அருங்காட்சியகம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கின்றன, அருமையான இடங்கள். ஆனால் அங்கே போய்ச் சேருபவை பெரும்பாலும் பரிசு வாங்கியவை, பேர் வாங்கியவை. ஏதோ ஒரு மாவட்டத்து மரச்சாமான் கடை அந்த ஊர் நிலையத்தில் மட்டும் போட்ட விளம்பரத்துக்கு யார் பரிசு கொடுத்தார்கள்?

அடுத்தது வி.சி.ஆர். வாதம். சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இல் வந்தது, ஜே.வி.சி.யின் முதல் வி.எச்.எஸ். கருவி 1976இல் 2,56,000 யென் விலைக்கு வந்தது. சாதாரணக் குடும்பங்களுக்கு அது பரவியது எண்பதுகளில்தான். அறுபதுகளில் குழந்தையாக இருந்தவர் தேடும் விளம்பரத்துக்கு இந்த வாதம் தொடக்கத்திலேயே அடிபட்டுப் போகிறது. கருவி வந்த பிறகும் என்ன நடந்தது? நாடா வீணாகக் கூடாது என்று இடைவேளை வந்ததும் பாஸ் பொத்தானை அமுக்கினார்கள். போதாக்குறைக்கு, விளம்பரத்தைத் தானாகவே கண்டுபிடித்து விட்டுவிடும் வசதியோடு கருவிகள் விற்பனைக்கு வந்தன. பழைய விளம்பரங்கள் இன்று பார்க்கக் கிடைக்கின்றன என்றால், பொத்தானை அமுக்க மறந்து தூங்கிப்போன புண்ணியவான்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இருந்தால் யூடியூபில் வந்திருக்குமே என்பார்கள். வந்தும் இருக்கலாம். ஆனால் எந்தப் பெயரில்? விளம்பரத்துக்குத் தலைப்பு கிடையாது. நாடாவின் மேல் எழுதியிருப்பது படத்தின் பெயர். 'இந்த ஆண்டின் விளம்பரத் தொகுப்பு' என்று ஜப்பானிய மொழியில் ஒருவர் ஏற்றிவைத்த ஒரு மணி நேர வீடியோவின் நடுவில் அது இருக்கும். ஆங்கிலத்தில் தேடுகிறவர் கண்ணில் படவே படாது. நிறுவனங்களே பழையதை வெளியிடலாமே என்றால், நடிகரோடும் பாடகரோடும் போட்ட ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. மறுபடி காட்ட மறுபடி அனுமதி வேண்டும்.

கடைசி வாதம்தான் வலுவானது: தேடுகிறவரின் நினைவே பிசகாக இருக்கிறது, அதை எப்படி நம்புவது? இதற்கு விடை எண்பதுகளின் நடுவில் வந்த க்ளீனெக்ஸ் காகிதக் கைக்குட்டை விளம்பரத்தில் இருக்கிறது. வெள்ளை உடையில் நடிகை மாட்சுசாகா கெய்கோ, பக்கத்தில் உடம்பெல்லாம் சிவப்புச் சாயம் பூசிய குட்டிப் பேய், வாத்தியமே இல்லாமல் ஒரு பெண் குரல். இதைப் பற்றி ஊர் சொன்ன கதைகள் கொஞ்சமல்ல. பாட்டு ஜெர்மன் மொழியில் உள்ள சாபம். பேயாக நடித்த குழந்தை செத்துப்போனது. நடிகைக்குப் புத்தி பேதலித்தது. உண்மையில் அது எட்வர்ட் பார்ட்டன் எழுதி, ஜேன் என்ற பெயரில் ஒரு பெண் பாடி, 1983இல் வெளிவந்த 'இட்ஸ் எ ஃபைன் டே' என்ற ஆங்கிலப் பாட்டு. நல்ல நாளைப் பற்றிய பாட்டு! நடிகையும் நன்றாகவே நடித்துக்கொண்டிருந்தார். 1990இல் கான் திரைப்பட விழாவில் பெரும் நடுவர் பரிசு பெற்ற 'ஷி நோ தோகே' படத்தின் நாயகி அவர்தான்.

மொழி தப்பு, சாவு தப்பு, பைத்தியம் தப்பு. ஆனால் விளம்பரம் நிஜம். இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒருவேளை இந்தப் பதிவு எவர் கையிலும் சிக்காமல் போயிருந்தால், அத்தனை பிசகையும் காட்டி 'அப்படி ஒன்று இல்லவே இல்லை' என்று தீர்ப்பு எழுதியிருப்பார்கள். விவரம் பிசகுவது நினைவின் இயல்பு. அதை வைத்துப் பார்த்த பொருளையே இல்லாமல் ஆக்க முடியாது.

வேண்டுமென்றே கதை கட்டிவிடுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், இந்தத் தேடலுக்கு அவர்கள் பெரும் தொல்லை. அதற்கு மருந்து குறுக்கு விசாரணை. எந்த ஊரில் பார்த்தீர்கள், எந்த நிகழ்ச்சியின் இடைவேளையில், எந்தப் பருவத்தில் என்று கேளுங்கள். ஜப்பானிய நாளிதழ்களின் பழைய இதழ்கள் நூலகங்களில் அளவைச் சிறிதாக்கிய பதிப்புகளாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அன்றைய நிகழ்ச்சி நிரல் அவற்றில் இருக்கிறது. சொன்ன நிகழ்ச்சி சொன்ன ஊரில் ஓடியதா என்று சரிபார்க்க முடியும். இதைச் செய்யாமல் 'கனவு' என்று சொல்வது சோம்பேறித்தனம்.

நேரமும் குறைவு. காந்த நாடா நாளாக ஆகக் கெடும். வி.எச்.எஸ். கருவி செய்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அந்தக் காலத்தில் ஜப்பானில் வாழ்ந்து, கேசட்டுகளைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தூக்கி எறிவதற்கு முன் அவற்றை டிஜிட்டலாக மாற்றச் சொல்லுங்கள். படத்தை வெட்டினாலும் பரவாயில்லை, இடைவேளையை வெட்ட வேண்டாம்.