ஏரிப் படகுக்கு பெட்ரோல் எஞ்சினா, பேட்டரி மோட்டாரா?

கேள்வி: “நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, வண்டலூர் அருகே சுமார் 50 ஏக்கர் ஏரியில் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கிறோம். கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறோம். தீவனம் போடவும் வலை பார்க்கவும் 12 அடி ஃபைபர் படகு இருக்கிறது. துடுப்பு போட்டு மாளவில்லை. பெட்ரோல் எஞ்சின் வாங்குவதா, பேட்டரி மோட்டார் வாங்குவதா?”
- வாசகர், வண்டலூர்

பதில்: எது சிறந்தது என்று கடையில் கேட்டால், கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் சொல்வார். படகு ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓடப்போகிறது என்ற கணக்கை முதலில் போடுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

50 ஏக்கர் என்பது சுமார் 20 ஹெக்டேர். ஏரி சதுரமாக இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 450 மீட்டர். கரையோரமாக ஒரு முழுச் சுற்று வந்தால் 1.8 கிலோமீட்டர். ஆள் நடக்கிற வேகத்தில், அதாவது மணிக்கு 4 கிலோமீட்டரில் போனால் அரை மணி நேரம். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்றால் தினமும் ஒரு மணி நேர ஓட்டம். தீவனம் போடுவதற்கு இதைவிட வேகம் தேவையும் இல்லை.

இனி சுமையைப் பாருங்கள். படகு, இரண்டு ஆள், ஒரு மூட்டை தீவனம், பேட்டரி எல்லாம் சேர்ந்து 320 கிலோ வரை வரும். பேட்டரி மோட்டார்களை எச்.பி. கணக்கில் விற்பதில்லை, பவுண்டு உந்துவிசை என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு 45 கிலோ எடைக்கும் 2 பவுண்டு என்பது குறைந்தபட்சக் கணக்கு. அதன்படி 14 பவுண்டு போதும். ஆனால் ஏரியில் எதிர்க்காற்று அடிக்கும். அதனால் 40 முதல் 55 பவுண்டு வரை உள்ளதை வாங்குவது நல்லது.

55 பவுண்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் 12 வோல்ட்டில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். வேகத்தைக் குறைத்தால் மின்சாரச் செலவு அதைவிடப் பல மடங்கு குறையும். பாதி வேகத்தில் ஓட்டினால் நான்கில் ஒரு பங்கு மின்சாரம்கூட ஆகாது. நடை வேகத்துக்கு 20 ஆம்பியர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். தினம் ஒரு மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-மணி ஆகிறது. ஒரு 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குதான் இது. இரவில் ஏற்றினால் அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

இதே வேலையை 2.5 எச்.பி. பெட்ரோல் எஞ்சினும் செய்யும். மெதுவாக ஓட்டினாலும் தினம் அரை லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,500 ரூபாய். ஏரியில் தண்ணீர் நிற்கிற ஆறு மாதத்துக்கு 9,000 ரூபாய். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால் எரியாத எண்ணெயும் புகையோடு தண்ணீரில்தான் கலக்கும். விற்பனைக்கு மீன் வளர்க்கும் ஏரியில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஆகவே இந்த ஏரிக்கு, இந்த வேலைக்கு, பேட்டரி மோட்டாரே பொருத்தம். கேரளத்தில் வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’ என்ற 75 இருக்கைச் சூரியசக்திப் படகும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. தூரம் குறைவு, வழி மாறாது, திரும்பி வந்தால் கரையில் மின்சாரம் இருக்கிறது.

இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் முடிவு மாறும். நாள் முழுக்க ஓட வேண்டும், கரையில் மின் இணைப்பு இல்லை, நீரோட்டத்தை எதிர்த்துப் போக வேண்டும் என்றால் பெட்ரோல் எஞ்சினே கைகொடுக்கும். இதே படகைக் கேளம்பாக்கம் சாலை வழியாகக் கொண்டுபோய் முட்டுக்காடு கழிமுகத்திலும் ஓட்டலாம் என்று நினைத்தால், அங்கே கடல் ஏற்றவற்றம் இருக்கிறது. சிறு பேட்டரி மோட்டாரை நம்பி அங்கே இறங்கக் கூடாது.

ஐந்து, பத்து ஏக்கர் குட்டைக்கு இரண்டுமே வேண்டாம். பரிசலும் துடுப்பும் போதும்.

கேள்வி: “பேட்டரி மோட்டாருக்குப் பழைய கார் பேட்டரியைப் போடலாமா? பராமரிப்பு எப்படி?”

பதில்: கூடாது. கார் பேட்டரி, எஞ்சினைக் கிளப்ப ஒரு நொடி வேகம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. மணிக்கணக்கில் மின்சாரம் எடுத்தால் சில மாதங்களில் செத்துவிடும். இ-ரிக்‌ஷாவில் போடும் வகை பேட்டரி ஏற்றது. அது 30 கிலோ வரை எடை இருக்கும். லித்தியம் பேட்டரி 12 கிலோ அளவில் வரும், விலை அதிகம்.

ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரம் எடுக்காதீர்கள். எடுத்தால் ஆயுள் குறையும். மோட்டாரும் ஆளும் பின்பக்கம் இருப்பதால், பேட்டரியை நடுவுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டுங்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இங்குள்ள ஏரிகளில் ஆகாயத்தாமரை படர்வது தெரிந்ததே. அது விசிறியில் சுற்றினால் மோட்டார் நின்று, மின்சாரம் எகிறி, வயர் எரியும். சுற்றியதும் சுவிட்சை அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள். ஏற்றும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது. பம்ப்செட்டுக்குக் கொடுத்த இலவச மின் இணைப்பில் ஏற்றாதீர்கள், அது விதிமீறல்.

கோடையில் ஏரி வற்றி, படகு மாதக்கணக்கில் கரையில் கிடக்கும். அப்போதுதான் இரண்டு வகையுமே கெட்டுப்போகின்றன. பேட்டரியை மாதம் ஒருமுறை முழுமையாக ஏற்றி வையுங்கள். பெட்ரோல் எஞ்சின் என்றால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட வேண்டும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், தேங்கி நின்றால் ஈரம் இழுத்துக் கார்புரேட்டரை அடைக்கும்.

கேள்வி: “2015 மாதிரி வெள்ளம் வந்தால் தெருவில் ஆட்களை மீட்க இந்தப் படகு உதவுமா?”

பதில்: 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியபோது, படகு வைத்துத்தான் ஆட்களை மீட்டார்கள். அதனால் இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் நிற்கிற ஏரித் தண்ணீர் வேறு, ஓடுகிற வெள்ளம் வேறு. தெரு முனையில் இழுப்பு அதிகமாக இருக்கும். சுற்றுச்சுவரும் மின்கம்பியும் தண்ணீருக்கடியில் தெரியாது. நடை வேகத்துக்கு வாங்கிய மோட்டாரால் அந்த இழுப்பை எதிர்த்து நிற்க முடியாது. படகு கவிழ்ந்தால் மீட்கப் போனவரையே மீட்க வேண்டியிருக்கும். 112-க்கோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கோ சொல்லுங்கள். பயிற்சி பெற்றவர்கள் கேட்டால் படகைக் கொடுங்கள்.

ஏரியிலும், கலங்கல் வழிந்து ஓடும் நாட்களில் அதன் பக்கம் போகாதீர்கள். எந்த மோட்டார் இருந்தாலும் படகில் ஒரு துடுப்பு இருக்கட்டும். ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை போடாமல் படகை எடுக்க வேண்டாம். நான்கு சட்டைக்கு ஆகும் பணத்தை மோட்டார் செலவோடு சேர்த்தே ஒதுக்குங்கள்.

வாங்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மீன்பாசி குத்தகை எடுத்ததாலேயே மோட்டார் படகு ஓட்ட அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் பொதுவாக இருக்கும். நகர எல்லைக்குள் வந்துவிட்ட ஏரி என்றால் யார் பொறுப்பு என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அந்த அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகு முன்பணம் கொடுங்கள்.