முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை வயலுக்கு உதவுமா?

கேள்வி: ‘‘மாமல்லபுரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் பயிற்சி செய்பவர்கள் முதுகில் தண்ணீர்ப் பை மாட்டி, குழாயில் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். தர்பூசணி அறுவடை, சவுக்கு வெட்டும் வேலைக்கு அந்தப் பை உதவுமா? எப்படிப் பார்த்து வாங்குவது?’’

- செய்யூர் பகுதி வாசகர்

பதில்: உதவும். கைவேலையை நிறுத்தாமல் குடிக்கலாம் என்பதுதான் அதன் பலன். மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடோர் நாட்டில், கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் பலர் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். 2014-15 அறுவடையின்போது, ஒரு சர்க்கரை ஆலையின் வெட்டு ஆட்களுக்கு 3 லிட்டர் முதுகுப் பை, நிழல் பந்தல், கட்டாய ஓய்வு, நல்ல வெட்டுக்கத்தி எல்லாம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வெயில் தொல்லைகள் குறைந்தன. ஓய்வு கொடுத்தும் வெட்டு குறையவில்லை, கூடியது.

இது நமக்கும் பொருந்தும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 7 சதவிகிதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்ப்பது வயலிலும் நடக்கிறது. மறைப்பு ஒன்று கட்டிக் கொடுக்காமல், பை மட்டும் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: 2 லிட்டர் பை போதும். 3 லிட்டர் என்றால் முதுகில் 3 கிலோ சுமை. உள்பை உணவுத் தரப் பிளாஸ்டிக்கில், கை நுழையும் அளவு அகன்ற வாயுடன் இருக்க வேண்டும். குழாய் தனியாகக் கழற்றிக் கழுவ வர வேண்டும். குனிந்து வேலை செய்யும்போது நழுவாமல் இருக்க மார்புப் பட்டை அவசியம்.

பையில் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு ஊற்றினால் குழாயில் பூஞ்சை பிடிக்கும். தினமும் கழுவி, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். மருந்து அடிக்கும் நாளில் இந்தப் பை வயலுக்குள் வரவே கூடாது. குழாய் முனையில் படும் மருந்து நேராக வாய்க்குள் போகும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், 15-20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது; ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிவிடும். பல மணி நேரம் வியர்த்தால் உப்புப் போட்ட மோர், கஞ்சி இடையிடையே தேவை. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

பை வாங்க வசதியில்லை என்றால், ஈரத் துணி சுற்றிய பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். தண்ணீர்ப் பானை கிணற்றடியில் இல்லாமல், ஆட்கள் வேலை செய்யும் வரப்பிலேயே நிழலில் இருக்கட்டும்.

எந்தப் பையும் உச்சி வெயில் வேலைக்கு ஈடாகாது. யாராவது தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.